கரண்ட் போகமுன் இளவரசி

1996இல் கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஒரு வீட்டின் மேல்மாடியில் கொம்பியூட்டர் வகுப்பு நடந்தது. நான்கு மெஷின். மூன்று 386, ஒன்று 486, இரண்டும் அந்தக் காலத்துச் சிப்பின் பேர். நான்குக்கும் கறுப்பு வெள்ளை மொனிட்டர். மெஷினுக்கு இரண்டு பேர் என்று உட்காருவோம். முக்கால் மணித்தியாலம் டொஸ், வேர்ட்ஸ்டார், லோட்டஸ் என்று போகும். பிறகு சேர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, "சரி, இனி விளையாடுங்கோ" என்பார். மிச்சம் 15 நிமிடம். உண்மையைச் சொன்னால் அந்த 15 நிமிடத்துக்குத்தான் நாங்கள் மாசக் காசு கட்டினோம். கட்டியது அம்மாவும் அப்பாவும். அவர்களுக்கு இது தெரியாது.

விளையாடியது பெரும்பாலும் ஒரே கேம்: பிரின்ஸ் ஒஃப் பெர்ஷியா.

பழைய கேம் ஒன்றைப் பற்றி இப்போது வாசிக்கப் போனால் இரண்டு விசயம் கிடைக்கும். பத்திரிகைகள் என்ன சொன்னன, எத்தனை பிரதி விற்றது. இரண்டையும் சேர்த்து வரவேற்பு என்று எழுதி முடித்துவிடுவார்கள். இந்தக் கேமுக்கு அந்த இரண்டுமே ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. எங்கள் மேல்மாடியில் அதற்குக் கிடைத்த வரவேற்போ இரண்டு கணக்கிலும் வராது. அதனால்தான் இதை ஒரு கேஸாக எடுத்து விரித்து எழுதுகிறேன். என் கட்சியை முதலே சொல்லிவிடுகிறேன்: ஒரு கேமை ஆட்கள் எப்படி ஏற்றுக்கொள்கிறார்கள் என்பது, அவர்களிடம் எது தட்டுப்பாடு என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவில் அந்தக் கேமுக்குத் தட்டுப்பாடாக இருந்தது பொருத்தமான மெஷின். எங்களுக்குத் தட்டுப்பாடு நிமிடம்.

பிறந்த வீட்டில்

ஜோர்டன் மெக்னர் யேல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருக்கும்போதே கராட்டேகா என்ற கேமை எழுதினார். 1984இல் புரோடர்பண்ட் நிறுவனம் வெளியிட்டது, நன்றாக ஓடியது. அடுத்ததற்கு நான்கு வருடம் பிடித்தது. தம்பி டேவிட்டுக்கு வெள்ளை உடுப்புப் போட்டு ஓடவும் பாயவும் ஏறவும் விட்டு வீடியோ எடுத்தார். அதை ஒவ்வொரு சட்டமாக நிறுத்தி, மேலே வரைந்து வரைந்து இளவரசனின் அசைவை உண்டாக்கினார். வாள்சண்டைக்கு 1938இல் வந்த ரொபின் ஹூட் படத்தின் சண்டைக் காட்சியில் சில விநாடிகள் உதவின. இசை அவருடைய அப்பா பிரான்சிஸ் போட்டது. எங்கள் ஊரில் பேக்கரி நடத்துகிற குடும்பம் மாதிரித்தான், வீட்டில் உள்ள எல்லாருக்கும் வேலை.

வினை எங்கே வந்தது என்றால், அதை எழுதியது அப்பிள் 2 கணினிக்கு. 1977இல் வந்த மெஷின் அது. மெக்னர் வேலையைத் தொடங்கிய 1985இல் அதற்கு ஆட்கள் இருந்தார்கள். முடித்து வெளியிட்ட 1989இல் மெஷினுக்கு வயதாகிவிட்டது, வாங்குகிறவர்கள் வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் கேமிங் வேர்ல்ட் போன்ற இதழ்கள் கேமைத் தூக்கிப் பிடித்தன. திரையில் ஒரு மனிதன் உண்மையான மனிதனைப் போல ஓடி, கால் தடுமாறி, விளிம்பைப் பிடித்துத் தொங்குவதை அதுவரை அப்படி யாரும் பார்த்ததில்லை. புகழ் வந்தது, காசு வரவில்லை. 1990 ஜூலை வரை வட அமெரிக்காவில் அப்பிள் 2 பதிப்பு 7,000, ஐபிஎம் பீசி பதிப்பு 7,000. அவ்வளவுதான்.

அதே மாதம் ஜப்பானில் என்ஈசி நிறுவனத்தின் பீசி-9801 கணினிக்கு வந்த பதிப்பு, வந்த கையோடு 10,000 போனது. ஐரோப்பாவும் பிடித்துக்கொண்டது. 1992இல் மெக்கின்டொஷ் பதிப்பு. 1993இல் இரண்டாம் பாகம் வரும்போது முதற்பாகம் உலகம் முழுக்க 20 லட்சம் விற்றிருந்தது. கதை அதே கதை, ஓட்டம் அதே ஓட்டம். மாறியது மெஷின் மட்டும்.

எதிர்ப்பக்க உதாரணம் ஒன்றையும் இங்கே வைக்கலாம். அட்டாரியின் ஈ.டி. கேம் 1982இல் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. ஆனால் அடித்துக் குவித்தது அதைவிட மிக அதிகம். மிஞ்சியவற்றில் ஒரு பகுதியை நியூ மெக்சிகோவில் குழி வெட்டிப் புதைத்தார்கள், கேம் உலகத்தின் பெரிய தோல்வி என்று பேர் எடுத்தது. பத்து லட்சம் விற்றது தோல்வி, 7,000 விற்றது காவியம். விற்பனை எண்ணைத் தனியாகப் பிடித்துத் தொங்கினால் இப்படித்தான் விழ வேண்டிவரும்.

இளவரசனுக்கு வருவோம். அப்பிள் 2இல் நினைவகம் போதாமல் போனதால் புதிய பாத்திரம் ஒன்றுக்குப் படம் வைக்க இடமில்லை. மெக்னர் இளவரசனின் படங்களையே எடுத்து, ஒரு பிட், அதாவது ஒரு புள்ளியளவு, தள்ளி வைத்து, தன்மேல் தானே மோதவிட்டார். மினுங்குகிற ஒரு கோட்டுருவம் வந்தது. நாலாம் கட்டத்தில் கண்ணாடியை உடைத்துக்கொண்டு பாய்ந்தால் மறுபக்கம் ஓடுகிறானே, நிழல் மனிதன், அவன் பிறந்த கதை அது. கேமில் எல்லாரும் நினைவில் வைத்திருக்கும் பாத்திரம் இடப்பற்றாக்குறைக்குப் பிறந்த பிள்ளை.

மேல்மாடிக்கு வந்தது

எங்களிடம் வந்தபோது அதற்குப் பெட்டி இல்லை, கையேடு இல்லை, விமர்சனம் எழுதிய இதழும் இல்லை. கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் ஓர் அண்ணா ஒரு நீல நிற பிளொப்பியில் கொண்டுவந்தார். 1.44 எம்பி டிஸ்கில் கேம் முழுவதும் அடங்கி இடமும் மிச்சம் இருந்தது. அந்த வருடம்தான் வெளியே குவேக் என்ற முப்பரிமாணச் சுடுகிற கேம் வந்தது. பென்டியம், விண்டோஸ் 95, சீடி என்று உலகம் போய்விட்டது. அதெல்லாம் எங்கள் 386இன் வாசற்படியைக்கூட மிதிக்காது. ஏழு வருடப் பழசு என்பதால்தான் இளவரசன் எங்கள் மெஷினில் ஓடினான். அமெரிக்காவில் காலை வாரிவிட்ட வயசு இங்கே கைகொடுத்தது.

சரி, நாங்கள் என்ன பார்த்தோம்? இதழ்கள் மெச்சிய அசைவு எங்களுக்கும் தெரிந்தது. ஆனால் நிறம் தெரியவில்லை. கேமில் ஆங்காங்கே சிறு குப்பிகள் இருக்கும், வாயிலிருந்து குமிழி வரும். சிவப்புக் குமிழி என்றால் மருந்து, நீலம் என்றால் விஷம். எங்கள் மொனிட்டரில் இரண்டும் ஒரே மங்கல் சாம்பல். அதனால் குப்பிகளை இடம் வைத்துப் பாடமாக்கினோம். "தூணுக்குப் பக்கத்தில் இருக்கிறது நல்லது, மேலே ஏறினால் இருக்கிறது கூடாது." புதிதாக வகுப்பில் சேருகிறவனுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். சத்தமும் இல்லை. அப்பா பிரான்சிஸ் போட்ட இசை எங்களுக்கு மெஷினின் உள் ஸ்பீக்கர் போடுகிற கீச்சு.

அதற்குப் பிறகு வந்தது எழுத்துப் போத்தல். டொஸ் பதிப்பில் முதற்கட்டம் முடிந்ததும் ஓர் அறைக்குள் விடுவார்கள். வரிசையாகக் குப்பிகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்து. கையேட்டில் இத்தனையாம் பக்கம், இத்தனையாம் வரி, இத்தனையாம் சொல், அதன் முதல் எழுத்துள்ள குப்பியைக் குடி என்று கீழே எழுதி வரும். காசு கொடுத்து வாங்கியவனிடம் மட்டும்தான் கையேடு இருக்கும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. தவறான குப்பியைக் குடித்தால் உயிர் குறையும்.

எங்களிடம் கையேடு இல்லை, ஆனால் 20 பேர் இருந்தோம். ஒவ்வொரு நாளும் ஒவ்வொருத்தன் ஒவ்வொரு குப்பியைக் குடித்துச் செத்தான். எது சரி வந்ததோ அதை ஒரு கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதினோம்: பக்கம், வரி, சொல், எழுத்து. இரண்டு மாதத்தில் பக்கம் நிறைந்தது. சந்திக் கடையில் போட்டோகொப்பி அடித்து ஆளுக்கொன்று வைத்துக்கொண்டோம், ஒரு பிரதி அலுமாரிக் கதவின் உட்புறம் ஒட்டப்பட்டது. பம்பலப்பிட்டியில் வேறொரு வகுப்பில் எங்கள் கையெழுத்துப் பட்டியல் திரிவதாகப் பிறகு கேள்விப்பட்டோம். எங்கள் பிழையும் சேர்ந்தே திரிந்தது. ஒரு வரிக்கு இரண்டு பேர் இரண்டு எழுத்துச் சொன்னதால் இரண்டையும் எழுதி, நடுவில் கேள்விக்குறி போட்டிருந்தோம். பிரதி எடுப்பதைத் தடுக்க வைத்த பூட்டுத்தான் எங்களை ஒன்றாக உட்கார வைத்து எழுத வைத்தது. அந்தக் கேமைப் பற்றி எங்களிடம் இருந்த ஒரே எழுத்து அந்தப் பக்கம்தான்.

நிமிடக் கணக்கு

கேமின் கதை இரண்டு வரி. சுல்தான் போருக்குப் போயிருக்கிறார். மந்திரி ஜாபர் இளவரசியை அடைத்து வைத்து, ஒரு மணித்தியாலத்துக்குள் என்னைக் கலியாணம் செய் அல்லது செத்துப் போ என்கிறான். இளவரசன் நிலவறையில் இருக்கிறான். 12 கட்டம், 60 நிமிடம். எத்தனை முறை செத்தாலும் பரவாயில்லை, அந்தக் கட்டத்தின் தொடக்கத்தில் எழுந்து நிற்பான். மணிக்கூடு மட்டும் நிற்காது. இந்தக் கேமில் உயிர் இலவசம், நிமிடத்துக்குத்தான் விலை.

எங்களுக்கோ நாளுக்கு 15 நிமிடம். அதுவும் கரண்ட் இருந்தால். அந்த வருடம் மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றின. நாட்டின் மின்சாரம் பெரும்பாலும் தண்ணீரில் ஓடிய காலம், நாளுக்குப் பல மணித்தியாலம் மின்வெட்டு. எந்தப் பகுதிக்கு எப்போது என்று நேரசூசி பத்திரிகையில் வரும். வகுப்பு நேரத்தை சேர் அதைப் பார்த்து மாற்றுவார். ஆனால் நேரசூசி சொன்னபடி கரண்ட் போனதாகச் சரித்திரம் இல்லை. மூன்றாம் கட்டத்தில் எலும்புக்கூடு எழுந்து வாளைத் தூக்குகிற நேரம் திரை ஒரு புள்ளியாகச் சுருங்கி அணையும். மேல்மாடி முழுக்க ஒரே குரலில் ஒரு "ஐயோ". கீழ் வீட்டு ஆச்சி முதல் தடவை யாரோ விழுந்துவிட்டார்கள் என்று படியேறி வந்துவிட்டார்.

மூன்றாம் கட்டத்திலிருந்து கன்ட்ரோலும் ஜீயும் அழுத்தினால் கேமைச் சேமிக்கலாம். அப்படிச் சேமிப்பதற்கு ஒரேயொரு கோப்புத்தான்: பிரின்ஸ்.சேவ். ஒரு மெஷினில் நாளுக்கு எட்டுப் பேர் விளையாடினால் எட்டுப் பேருக்கும் அதே கோப்பு. நேற்று நான் ஆறாம் கட்டத்தில் வைத்துவிட்டுப் போனதன்மேல் இன்று ஒருத்தன் மூன்றாம் கட்டத்தை வைத்துவிடுவான். அடிதடிவரை போன விவகாரம் இது. முடிவில் ஆளுக்கொரு பிளொப்பி வாங்கி, கோப்பைப் படியெடுத்துக்கொண்டு போகத் தொடங்கினோம். சேர் இரண்டு கிழமையாகக் கரும்பலகையில் எழுதிக் காட்டியும் மண்டையில் ஏறாத கொப்பி கட்டளை அன்றைக்கு எல்லாருக்கும் மனப்பாடம்.

இங்கேதான் கேஸ் சுவாரசியமாகிறது. அந்தக் கோப்பில் எந்தக் கட்டம் என்பதோடு எத்தனை நிமிடம் மிச்சம் என்பதும் சேர்ந்தே இருக்கும். அடுத்தவன் சேவை வாங்கினால் அவனுடைய மிச்ச நிமிடமும் உங்களுக்கு வரும். சேவுகளுக்குப் பேர் வந்தது. "நாற்பத்தொன்று" என்றால் ஏழாம் கட்டத்தில் 41 நிமிடம் மிச்சம் வைத்திருந்த ஒரு சேவ், அதைச் செய்தவனை மறந்துவிட்டோம், எண்ணை மறக்கவில்லை. இரண்டு ரோல்ஸுக்கு அது கைமாறியதை என் கண்ணால் பார்த்தேன். "முப்பது" என்றொன்று இருந்தது, அதே கட்டம், யாரும் இலவசமாகக்கூட வாங்கவில்லை. ஆறாம் கட்டத்துத் தடியனை எத்தனை நிமிடத்தில் முடித்தாய், எங்கே நடந்தாய், எங்கே பாய்ந்தாய் என்று ஒரு சேவைப் பிரித்துப் பிரித்துப் பேசுவோம். இதழ்காரன் கேமுக்கு மதிப்பெண் போட்டான், நாங்கள் ஆட்டத்துக்குப் போட்டோம். கேம் நல்லதா கூடாததா என்ற கேள்வி அந்த மாடியில் ஒருநாளும் எழவில்லை. இருந்ததே அது ஒன்றுதான்.

எலி

எட்டாம் கட்டத்தில் ஒரு சிக்கல். வெளியேறும் கதவைத் திறந்துவிட்டுத் திரும்பி வரும்போது, நடுவில் ஒரு கம்பிக்கதவு மூடிக்கொள்ளும். மிதித்தால் கதவு திறக்கிற கல் நமக்கு இந்தப் பக்கத்தில் இல்லை. மாட்டிக்கொண்டோம் என்று நினைத்து உடனே கட்டத்தைத் திரும்பத் தொடங்குவோம். எட்டாம் கட்டம் பழுதாகிப்போன கொப்பி, வைரஸ் அடித்திருக்கிறது என்றுகூட ஒரு கதை ஓடியது.

ஜூலை 24ஆம் திகதி தெஹிவளையில் ரயிலில் குண்டு வெடித்த பிறகு, வெள்ளவத்தை வீடுகளில் சோதனை கூடியது. ஒருநாள் விளையாட்டு நேரத்தில் கீழே ஆட்கள் வந்துவிட்டார்கள். சேர் எல்லாரையும் படியிறங்கி வரிசையில் நிற்கச் சொன்னார். அடையாள அட்டை உள்ளவர்கள் கையில் எடுத்துக்கொண்டோம், இல்லாதவர்கள் பாடசாலைக் கடிதம். ஒருத்தன் எட்டாம் கட்டத்தில் அந்தக் கம்பிக்கதவுக்கு முன் நின்றபடியே இளவரசனை விட்டுவிட்டு வந்தான். மேலே மிஞ்சியது சேரின் சின்ன மகன் மட்டும், ஏழெட்டு வயது இருக்கும்.

அரை மணித்தியாலம் கழித்து மேலே போனால் பையன் குதிக்கிறான். "அண்ணா, எலி வந்தது! எலி வந்து கல்லிலே ஏறிக் கதவைத் திறந்தது!" திரையில் கதவு பழையபடி மூடியே இருந்தது. எலியும் இல்லை. அன்றைக்கு யாருக்கும் சிரிக்க மனமில்லை, ஆனாலும் அதற்குச் சிரித்தோம். நிலவறையில் ஒரு எலி, அது வந்து கதவு திறக்குதாம்.

விசயம் என்னவென்றால் பையன் சொன்னது சரி. இளவரசி அனுப்புகிற வெள்ளை எலி அது. அந்த இடத்தில் சில விநாடி சும்மா நின்றால் போதும், ஓடிவந்து மிதிகல்லில் ஏறும். நாங்கள் இருந்த அவசரத்தில் ஒருவனும் அந்தச் சில விநாடி நின்றதில்லை. ஒரு நிமிடத்தையும் வீணாக்காதவன்தான் கெட்டிக்காரன் என்று எங்களுக்குள் சட்டம், அதனால் கெட்டிக்காரர் எல்லாரும் எட்டாம் கட்டத்தில் கிடந்தார்கள். மாதக் கணக்குக்குப் பிறகு ஒரு பொடியன் மனம் விட்டுப்போய், கையை எடுத்து, மேசையில் இருந்த பணிஸைக் கடித்தபோது எலி வந்தது. சின்னவனிடம் யாரும் மன்னிப்புக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

நிமிடம் மலிந்தபோது

இந்தக் கேஸுக்கு ஒப்பிட்டுப் பார்க்க இன்னோர் ஆள் இருக்கிறார். கறுவாத்தோட்டத்தில் பெரியம்மா வீட்டில் என் ஒன்றுவிட்ட அண்ணா. அதே வருடம், அதே கொழும்பு, ஆனால் அவரிடம் பென்டியம், கலர் மொனிட்டர், சவுண்ட் கார்ட். வீட்டுக்கு ஜெனரேட்டர். நத்தார் விடுமுறைக்குப் போனபோது என் பிளொப்பியைப் போட்டுப் பார்த்தேன். குப்பியிலிருந்து சிவப்புக் குமிழி வந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு அதையே பார்த்தபடி இருந்தேன், காவலாளி வந்து என்னை வெட்டிவிட்டான். இரத்தமும் சிவப்பு. பாட்டும் கேட்டது. அண்ணா பின்னால் நின்று, "இதுவா? இது பழசடா, நான் இரண்டு நாள் விளையாடிட்டு விட்டுட்டன்" என்றார். முழுக் கேமும் நிறத்தோடும் இசையோடும் நேரத்தோடும் அவரிடம் இருந்தது. இரண்டு நாள்.

எங்கள் மாடியிலும் அதே முடிவு வந்தது, வேறு வழியால். 1997 தொடக்கத்தில் ஒருவன் ஒரு சொல்லோடு வந்தான்: மெகாஹிட். கேமைத் தொடங்கும்போது பிரின்ஸ் என்பதற்குப் பின்னால் அந்தச் சொல்லையும் அடித்தால் போதும். பிறகு கூட்டல் விசையைத் தட்டத் தட்ட நிமிடம் ஏறும், கே தட்டினால் எதிரி விழுவான். முதல் நாள் திருவிழா. எல்லாரும் ஜாபரைப் பார்த்தோம், எல்லாரும் இளவரசியைக் கட்டிப்பிடித்தோம். அடுத்த கிழமை "நாற்பத்தொன்று" வைத்திருந்தவன் தன் பிளொப்பியை அழித்து அதில் வேறு கேம் போட்டான். யாரும் தடுக்கவில்லை. ஒரு மாதத்துக்குள் இளவரசனைத் தொட ஆளில்லை. 1992இல் ஜப்பானில் நின்டெண்டோவின் சூப்பர் பமிக்கொம் விளையாட்டுப் பெட்டிக்கு வந்த பதிப்பில் நேரத்தை 120 நிமிடம் ஆக்கினார்கள் என்று பிறகு வாசித்தேன். ஆனால் அவர்கள் கட்டங்களையும் 20 ஆகக் கூட்டியிருந்தார்கள். தெரிந்துதான் செய்திருக்கிறார்கள். நேரத்தை மட்டும் தாராளமாக விட்டால் என்ன ஆகும் என்பதை எங்கள் மாடியில் வந்து பார்த்திருக்கலாம்.

2012இல் மெக்னரின் அப்பா வீட்டு அலுமாரியிலிருந்து ஒரு பெட்டி பழைய டிஸ்குகளை எடுத்து மகனுக்கு அனுப்பினார். தொலைந்துபோனது என்று நினைத்த மூலநிரல் அதற்குள் இருந்தது. 20 வருடத்துக்கு மேல் கிடந்த டிஸ்குகளிலிருந்து அதை மீட்டு இணையத்தில் போட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு நானும் அம்மாவின் அலுமாரிக்கு மேல் ஏறிப் பார்த்தேன். என் பிளொப்பிகள் இருந்தன. வெள்ளவத்தைக் கடற்காற்றில் ஒவ்வொன்றின் தகட்டிலும் வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்திருந்தது. ஒன்றும் தேறவில்லை.

கொப்பி தேறியது. கடைசிப் பக்கத்தில் பட்டியல் அப்படியே இருந்தது, பக்கம், வரி, சொல், எழுத்து, நடுவில் அந்தக் கேள்விக்குறி. பக்கத்தின் அடியில், எங்கள் யாருடைய கையெழுத்தும் இல்லாமல், கோணல்மாணலாகப் பென்சிலில் ஒரு வரி: "8. எலி வரும். நிக்கவும்."